யாரும் கவனிக்காத நூறு மணி நேரம்: லூகாஸ் போப்பின் இரண்டு கேம்கள்

2017 நவம்பரில், வீடியோ கேம்களைத் தனியாளாகச் செய்யும் லூகாஸ் போப், அப்போது செய்துகொண்டிருந்த கேமின் வளர்ச்சிக் குறிப்புகளில் ஒரு விஷயத்தை எழுதினார். கேமரா திரும்பும்போது திரையில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் நெளிகின்றன. அதைச் சரிசெய்ய அவருக்கு ஏறக்குறைய நூறு மணி நேரம் பிடித்தது. வேலை ஒழுங்காக முடிந்தால் ஆடுகிறவர் யாருக்கும் அப்படி ஒரு கோளாறு இருந்ததே தெரியாது. விளம்பரத்தில் போட்டுக் காட்டவும் அதில் ஒன்றும் இல்லை.

தனிநபர்களும் சிறு குழுக்களும் செய்யும் இன்டி கேம்களைப் பற்றிப் பேசும்போது 'படைப்புச் சுதந்திரம்' என்ற சொல் எப்போதும் வந்துவிடுகிறது. முதலாளி கிடையாது, பணம் போட்டு கேமை வெளியிடும் பப்ளிஷர் கிடையாது, நினைத்ததைச் செய்யலாம் என்பது அதன் வழக்கமான பொருள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அந்த நூறு மணி நேரத்துக்கான பணம் எங்கிருந்து வந்தது, வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரம் யாருக்கு இருந்தது, அந்த அதிகாரம் ஏன் பயன்படவில்லை என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். போப்பின் இரண்டு கேம்கள், 2013-இல் வந்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்', 2018-இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் த ஓப்ரா டின்' ஆகியவை, இதற்குத் தெளிவான பதில் தருகின்றன.

வெளியேறியபோது கையில் இருந்தது

போப் முன்பு நாட்டி டாக் ஸ்டுடியோவில் நிரலாளராக இருந்தவர். 'அன்சார்ட்டட்' வரிசையின் முதல் இரண்டு கேம்களில் அவர் வேலை இருக்கிறது. வீடியோ கேம் துறையில் அதைவிடப் பாதுகாப்பான நாற்காலி அன்றைக்கு அதிகம் இல்லை. 2010-இல் அதை விட்டுவிட்டு மனைவியோடு ஜப்பானுக்குப் போனார். சின்னச் சின்ன கேம்களைச் செய்துகொண்டிருந்தார். 2012-இல் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் கேம் செய்து முடிக்கும் லூடம் டேர் போட்டிக்காக 'த ரிபப்ளியா டைம்ஸ்' என்ற ஒன்றைச் செய்தார். அதில் நீங்கள் ஒரு சர்வாதிகார நாட்டின் நாளிதழ் ஆசிரியர். எந்தச் செய்தியைப் பெரிதாகப் போடுவது, எதை மறைப்பது என்பதுதான் ஆட்டம்.

அந்த ஆண்டு நவம்பரில் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' வேலையைத் தொடங்கும்போது, சில வாரங்களில் இதை முடித்துவிட்டு விலைபோகக்கூடிய வேறொன்றுக்குப் போகலாம் என்பதே அவர் கணக்கு. செலவுக்கு, நாட்டி டாக்கில் வேலை பார்த்தபோது சேர்த்த பணம் இருந்தது. போப்பின் கதையில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். அவருடைய சுதந்திரத்துக்கு முதல் முதலீடு போட்டது ஒரு பெரிய ஸ்டுடியோவின் சம்பளம். பெரிய ஸ்டுடியோக்களை எதிரியாகவும் இன்டியை விடுதலையாகவும் வரையும் சித்திரத்தில் இந்தச் சம்பளம் எப்போதும் விட்டுப்போகிறது.

மேசை ஏன் அவ்வளவு சின்னது

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' நடப்பது 1982-இல், ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டில். வேலை லாட்டரியில் உங்கள் பெயர் விழுந்து எல்லைச் சாவடியில் அதிகாரியாக உட்காருகிறீர்கள். வரிசையில் வருகிறவர்களின் கடவுச்சீட்டைப் பார்த்து, தேதி, ஊர், படம், முத்திரை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. தவறுக்கு முதல் இரண்டு முறை எச்சரிக்கை, அதற்கப்புறம் அபராதம். நாள் முடிந்ததும் வாடகை, சாப்பாடு, கணப்பு, மருந்து என்று வீட்டுக் கணக்கு வந்து நிற்கும். பணம் போதாவிட்டால் எதை வெட்டுவது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

திரையைக் கவனியுங்கள். மேலே நீளமாக வரிசை. கீழே இடப்பக்கம் சாவடி ஜன்னல். வலப்பக்கம் உங்கள் மேசை. அந்த மேசையில் கடவுச்சீட்டு, அனுமதிச்சீட்டு, அடையாள அட்டை, விதிப்புத்தகம் எல்லாவற்றையும் விரித்துவைக்க இடம் கிடையாது. ஒன்றின்மேல் ஒன்று விழும். ஒன்றைத் தள்ளினால் இன்னொன்று மறையும். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். முத்திரைக் கட்டை வலது ஓரத்திலிருந்து இழுத்தால்தான் வெளியே வரும். நாளுக்கு நாள் விதிகள் கூடும்.

பொதுவாகக் கேம் செய்கிறவர்களுக்கு ஆடுபவரின் கையில் உள்ள ஒவ்வொரு உராய்வையும் தேய்த்து எடுப்பது பழக்கம். இங்கே அந்த உராய்வையே ஆட்டமாக்கியிருக்கிறார். தாள்கள் குவியும்போது வரும் எரிச்சல் எதிரில் நிற்கிற ஆளின்மேல் திரும்புவதை நாமே உணர்கிறோம். ஒரு கட்டத்தில், தாள்கள் எல்லாம் சரியாக இருக்கிற ஒருவர் உள்ளே போகிறார். பின்னால் வரும் மனைவியிடம் அனுமதிச்சீட்டு இல்லை. அவளை விட்டால் உங்கள் கணக்கில் ஒரு தவறு ஏறும். இந்த இடத்தில் கேம் ஒரு வார்த்தை அறிவுரை சொல்வதில்லை. மேசையும் கூலியும் விதிப்புத்தகமும் சேர்ந்து உங்களை ஏற்கெனவே ஒரு மனநிலைக்குக் கொண்டுவந்துவிட்டன.

ஒரு பெரிய ஸ்டுடியோவின் திட்டக் கூட்டத்தில் இதை எடுத்துவைப்பதாக நினைத்துப் பாருங்கள். கதாநாயகன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான், நிறங்கள் எல்லாம் மங்கல், ஆட்டம் என்பது தாள் சரிபார்ப்பது. காகிதத்தில் படித்தால் ஒன்றும் நிற்காது, ஆடிப்பார்த்தால்தான் நிற்கும். அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒருவரால் மட்டுமே இதை ஆடிப்பார்க்கும் நிலைவரை கொண்டுவர முடியும். சுதந்திரத்தின் நடைமுறைப் பயன் எனக்கு இங்கேதான் மிகத் துலக்கமாகத் தெரிகிறது: வார்த்தையில் நியாயப்படுத்த முடியாத ஒன்றை, நியாயப்படுத்தாமலே செய்துகாட்டும் வாய்ப்பு.

வேலை சில வாரங்களில் முடியவில்லை, ஒன்பது மாதம் ஆனது. நடுவில் அவர் சோதனைப் பதிப்புகளைப் பொதுவில் போட்டு, ஆடியவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே செய்தார். கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் இடம்பிடிக்க அப்போது கிரீன்லைட் என்ற வாக்கெடுப்பு முறை இருந்தது, அதிலும் தேறியது. 2013 ஆகஸ்ட் 8 அன்று கேம் வெளியானது. மறு ஆண்டு ஐ.ஜி.எஃப். எனப்படும் இன்டி கேம் விழாவின் முதன்மைப் பரிசான ஷேமஸ் மெக்நாலி விருதை வாங்கியது. 2023-இல் பத்தாம் ஆண்டு நிறைந்தபோது விற்பனை 50 லட்சம் பிரதிகள்.

கைக்கு வந்த நாலு வருடம்

அந்தப் பணம்தான் அடுத்த கேமின் பட்ஜெட். பங்குதாரர் இல்லை, முன்பணம் கொடுத்தவர் இல்லை, கேமின் உரிமை முழுக்கப் போப்பின் சிறு நிறுவனத்திடமே இருந்தது. வந்த வருமானத்தில் ஸ்டீம் போன்ற கடைகள் எடுத்துக்கொள்ளும் வழக்கமான 30 விழுக்காடும் வரியும் போக மிச்சத்தில் பங்கு கேட்க யாரும் கிடையாது.

பப்ளிஷர் பணத்தில் இயங்கும் குழுவுக்கு நிலைமை வேறு. பணம் தவணை தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மைல்ஸ்டோன். குறித்த தேதியில் குறித்த பகுதியைக் காட்டினால்தான் அடுத்த தொகை. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பணம் போட்டவர் கணக்குக் கேட்பது நியாயம். ஆனால் அடுத்த மைல்ஸ்டோனுக்குக் காட்ட முடியாத வேலை எதுவோ அது தானாகப் பின்னுக்குப் போய்விடும். போப்பின் நூறு மணி நேரம் அந்த ரகம்தான்.

2014-இல் அவர் தொடங்கிய 'ஓப்ரா டின்' சின்னக் கேமாகவே திட்டமிடப்பட்டது. சிறுவயதில் ஆடிய பழைய மேக்கின்டோஷ் கேம்களின் தோற்றம் அவருக்குப் பிடித்தமானது. இருப்பது இரண்டே நிறம், நடுவில் சாம்பல்கூடக் கிடையாது. அதை முப்பரிமாணத்தில் செய்துபார்க்க வேண்டும் என்பது ஆசை. கதையே அப்புறம்தான் வந்தது. முதலில் யோசித்த ஆட்டமுறையில், ஒருவர் சாவதற்கு ஒரு நிமிடம் முன்பிருந்து எல்லாம் மறுபடி ஓடும். ஆடுபவர் பொருள்களை நகர்த்தி அந்தச் சாவு நேர வழிசெய்ய வேண்டும். ஒற்றை ஆள் செய்வதற்கு அது மிகக் கடினம் என்று தெரிந்ததும் கைவிட்டார். பதிலுக்கு, சாகும் கணத்தை அப்படியே உறையவைத்து, அதற்குள் நம்மை நடக்கவிட்டார்.

இன்று அந்தக் கேமை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்த உறைந்த காட்சிகள்தான். அலை பாதியில் நிற்கும், குண்டு காற்றில் தொங்கும், நாம் சுற்றி வந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்போம். ஆள் பலம் இல்லாததால் வந்த முடிவு இது. நூறு பேர் இருந்திருந்தால் முதல் யோசனையையே முட்டி மோதிச் செய்திருப்பார்கள், கேம் இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1807-இல், காணாமல் போன ஒரு வணிகக் கப்பல் ஆளில்லாமல் கரைக்குத் திரும்புகிறது. கிழக்கிந்திய கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நீங்கள் ஏறுகிறீர்கள். கப்பலில் இருந்த 60 பேர் ஒவ்வொருவருக்கும் பெயர் என்ன, என்ன ஆனது, செத்திருந்தால் எப்படி, கொன்றது யார் என்று ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். உறைந்த காட்சிகளையும், காட்சி தொடங்கும்முன் கேட்கும் சில வரிப் பேச்சையும் வைத்து நீங்களே ஊகிக்க வேண்டும். பேசுகிறவரின் உச்சரிப்பு ஒரு துப்பு. தூங்கும் தொங்குகட்டிலில் மாட்டியிருக்கும் எண் இன்னொரு துப்பு.

சரி, ஊகம் சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றையும் உடனே சரி என்று சொன்னால் ஆடுபவர் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டே கண்டுபிடித்துவிடுவார். கடைசிவரை சொல்லாவிட்டால் பாதியில் சோர்ந்துபோவார். போப் செய்தது, மூன்று பேரின் விவரம் முழுதாகச் சரியானால் அந்த மூன்றையும் ஒன்றாக உறுதிசெய்வது. இரண்டு உறுதியாகத் தெரியும், மூன்றாவது ஊகம் என்ற நிலையில் ஊகத்தைச் சோதித்துப் பார்க்கவும் இடம் உண்டு, குருட்டாம்போக்கில் போடுவது கடினமாகவும் இருக்கும். ஓர் எண்ணைத் தேர்ந்ததில் முழு ஆட்டத்தின் நியாயமும் அடங்கிவிட்டது. துப்பறியும் கேம்களில் இதைவிடக் கச்சிதமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

புள்ளிகள்

இப்போது அந்த நூறு மணி நேரத்துக்கு வரலாம். இருப்பது கறுப்பும் வெள்ளையும் மட்டும் என்றால் நிழலை எப்படிக் காட்டுவது? டித்தரிங் என்ற உத்தி இருக்கிறது. கறுப்புப் புள்ளிகளை அடர்த்தியாகவோ அரிதாகவோ தூவினால் தூரத்திலிருந்து கண் அதைச் சாம்பலாக எடுத்துக்கொள்ளும். பழைய நாளிதழ்ப் படங்களும் ஏறக்குறைய இப்படித்தான். அசையாத படத்தில் இது அழகாக வேலை செய்யும்.

முப்பரிமாணக் காட்சியில் கேமரா திரும்பும்போதுதான் சிக்கல். புள்ளி அமைப்பு திரையோடு ஒட்டியிருக்கிறது, காட்சி அதற்கடியில் நகர்கிறது. அதனால் திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும் (ஃபிரேம்) ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று புதிதாகத் தீர்மானமாகிறது. மொத்தப் பரப்பும் நெளியத் தொடங்கும். சின்ன ஜன்னலில் ஆடும்போது இது பெரிதாக உறுத்தவில்லை. முழுத்திரையில் கண்ணைக் கசக்க வைத்தது.

புள்ளிகளைப் பொருள்களின் மேலேயே ஒட்டிப் பார்த்தார். சுவரோடு புள்ளியும் நகரும், ஆனால் அருகே போனால் புள்ளி பெரிதாகும், தூரப் போனால் நசுங்கும். இரண்டு நிறத் தோற்றமே குலையும். கடைசியில் கேமராவைச் சுற்றி ஒரு கோளம் இருப்பதாக வைத்துக்கொண்டு அதன் உட்பக்கத்தில் புள்ளி அமைப்பைப் பதித்தார். தலையைத் திருப்பும்போது கோளமும் காட்சியும் ஒன்றாகவே நகர்வதால் புள்ளிகள் அப்படியே நிற்கும். முன்னே நடக்கும்போது நெளிவு கொஞ்சம் மிச்சமிருக்கும். நடப்பதைவிடத் திரும்பிப் பார்ப்பதே இந்தக் கேமில் அதிகம் என்பதால் அது போதுமானதாக இருந்தது.

அவர் தன் கேமில் ஆடுபவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்பதை வைத்துத் தீர்வைத் தேர்ந்தார். பொதுவான தீர்வு தேடியிருந்தால் நூறு மணி நேரம் போதாது. கதை, ஆட்டமுறை, நிரல், ஓவியம் நாலும் ஒரே தலையில் இருக்கும்போதுதான் இந்த வகை முடிவு எளிதாகிறது. பெரிய குழுவில் புள்ளியைப் பார்க்கும் வரைகலை நிரலாளர் ஒருவர், நடையைத் தீர்மானிக்கும் வடிவமைப்பாளர் இன்னொருவர்.

2018 அக்டோபர் 18 அன்று கேம் வெளியானது. 'த கேம் அவார்ட்ஸ்' நிகழ்வில் அந்த ஆண்டின் சிறந்த கலை இயக்கத்துக்கான விருதும், 2019-இல் அதே ஷேமஸ் மெக்நாலி விருதும் கிடைத்தன.

கடைக்காரரின் கத்தரி

முதலாளி இல்லாதவருக்கும் கடைக்காரர் உண்டு. 2014 டிசம்பரில் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஐபேடுக்கு வந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. சாவடியில் சந்தேகம் வந்தால் ஆளை ஸ்கேனரில் நிறுத்திப் பார்க்கலாம். படத்தில் உடம்பு ஆடையில்லாமல் தெரியும். அந்த மனிதர்களின் மானம் எவ்வளவு எளிதாக அதிகாரியின் கையில் போகிறது என்பதை அந்தக் காட்சி சொல்கிறது. வேண்டாதவர்கள் கேமின் செட்டிங்ஸில் போய் அதை மறைத்துக்கொள்ளவும் வழி இருந்தது. ஆப்பிள் இதை ஆபாசம் என்று நிராகரித்தது. போப் அதை எடுத்துவிட்டு வெளியிட்டார். செய்தி பரவியதும், தவறான புரிதலால் நேர்ந்தது என்று ஆப்பிள் சொல்லி, நிர்வாணத்தை மறுபடி சேர்க்க அனுமதித்தது.

இதை வெற்றிக்கதையாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அந்தக் கேம் அப்போதே பெயர் வாங்கியிருந்தது, பத்திரிகைகள் எழுதின, அதனால் முடிவு மாறியது. அதே நிராகரிப்பு பெயர் தெரியாத ஒருவரின் முதல் கேமுக்கு வந்திருந்தால் வெட்டியது வெட்டியதாகவே இருந்திருக்கும். 2025 ஜூலையில் இந்தப் பிடி இன்னும் எட்டாத கைக்குப் போனது. கார்டு நிறுவனங்கள் போன்ற, பணப் பரிமாற்றத்தை நடத்தும் நிறுவனங்களின் அழுத்தத்தால் ஸ்டீம் தன் விதிகளில் அவற்றின் தரநிலைகளையும் சேர்த்தது. இன்டி கேம்களை விற்கும் இட்ச்.ஐஓ தளம் வயதுவந்தோருக்கான கேம்களைத் தேடலில் தெரியாதபடி செய்தது. ஒரு கேமில் என்ன இருக்கலாம் என்பதில் கார்டு நிறுவனத்துக்கும் குரல் வந்துவிட்டது. பப்ளிஷரோடு ஒப்பந்தத்தில் பேரம் பேசலாம். கார்டு நிறுவனத்தோடு பேச ஒரு டெவலப்பருக்கு வாசலே கிடையாது.

இது எத்தனை பேருக்குப் பொருந்தும்

போப்பின் கதையிலிருந்து அப்படியே வழிமுறை எடுத்துவிட முடியாது. 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விற்காமல் போயிருந்தால் 'ஓப்ரா டின்' என்ற பேச்சுக்கே இடமில்லை. அது வந்த காலமும் வேறு. வாக்கெடுப்பில் தேறினால்தான் கடைக்குள் போகலாம், அதனால் உள்ளே கூட்டம் குறைவு. 2017-இல் கிரீன்லைட் போய், கேம் ஒன்றுக்கு 100 டாலர் கட்டினால் போதும் என்ற ஸ்டீம் டைரக்ட் வந்தது. 2024-இல் மட்டும் ஸ்டீமில் வந்த கேம்கள் 18,000-க்கும் மேல். நுழையும் உரிமை எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது, நல்லதுதான். பார்க்கப்படும் வாய்ப்பு அதே அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மற்ற கேம்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். 'ஸ்டார்டியூ வேலி'யை எரிக் பரோன் நாலரை வருடம் தனியாகச் செய்தார். அந்தக் காலத்தில் வீட்டைத் தாங்கியது பெரும்பாலும் அவர் துணைவியின் வருமானம், பரோன் ஒரு திரையரங்கில் பகுதிநேர வேலையும் பார்த்தார். 'ஹாலோ நைட்' செய்த டீம் செர்ரி, பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் திரட்டிய ஏறக்குறைய 57,000 ஆஸ்திரேலிய டாலரில் தொடங்கியது. அதன் விற்பனைதான் 2019-இல் அறிவித்த அடுத்த பாகமான 'சில்க்சாங்'கை 2025 செப்டம்பர்வரை அவசரப்படாமல் செய்யவிட்டது. 'டிஸ்கோ எலீசியம்' எதிர்த்திசை உதாரணம். உலகையும் எழுத்தையும் உருவாக்கிய முக்கியமானவர்கள் விருப்பமில்லாமலே நிறுவனத்தை விட்டு வெளியேறியதாக 2022-இல் தெரியவந்தது. கேமின் உரிமை நிறுவனத்திடமே நின்றுவிட்டது. படைக்கும்போது இருந்த சுதந்திரம் அடுத்த படைப்புக்குத் தொடரவில்லை, ஏனென்றால் உரிமை அவர்கள் பெயரில் இல்லை. ஒப்பந்தத்தில் யாரும் ஆர்வமாகப் படிக்காத அந்தப் பக்கம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இன்னொரு விலையும் இருக்கிறது. போப்பை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதற்கு மறுபக்கம், நிறுத்த வேண்டிய இடத்திலும் சொல்ல ஆளில்லை என்பது. சின்னதாகத் தொடங்கியது நாலு வருடத்துக்கு மேல் இழுத்தது. 2014-இலும் 2016-இலும் வெளியில் கொடுத்த டெமோக்கள் அவருக்கு ஓரளவு அந்த வேலையைச் செய்தன. எங்கே ஆடுபவர்கள் தடுமாறினார்கள் என்று தெரிந்தது. தனியாகச் செய்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மேலாளர் வேண்டாம் என்றால் சரி, ஆனால் முடியாத கேமை ஆடிக் குறை சொல்ல நாலு பேர் கட்டாயம் வேண்டும்.

'ஓப்ரா டின்'னுக்குப் பிறகு பெரிய குழுவைச் சேர்த்து இரண்டாம் பாகம் செய்திருந்தால் விற்றிருக்கும். போப் செய்தது 'மார்ஸ் ஆஃப்டர் மிட்நைட்'. 2024 மார்ச்சில், ப்ளேடேட் என்ற சின்னக் கைக்கருவிக்கு மட்டும் வந்தது. கருவியின் திரை கறுப்பு வெள்ளை, பக்கவாட்டில் சுழற்ற ஒரு கைப்பிடி. அதைச் சுழற்றினால் கதவிலிருக்கும் சின்னத் திறப்பு திறக்கிறது, வெளியே நிற்கும் செவ்வாய்வாசியின் முகம் தெரிகிறது, உள்ளே விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறீர்கள். ப்ளேடேட் வைத்திருப்பவர்கள் ஸ்டீம் வாடிக்கையாளர்களில் மிகச் சிறு பங்குகூடக் கிடையாது. அது தெரிந்தேதான் அவர் அதைச் செய்தார், முந்தைய இரண்டு கேம்களின் வருமானம் இன்னும் வந்துகொண்டிருந்தது.